இரண்டு வரித் திருத்தம்

அத்தியாயம் 9

கார் நின்று பத்து நிமிடம் ஆகியும் சொலேன் கெர்வாதெக் இறங்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தன.

ஜன்னல் கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள்.

தித்துவான். துப்பறிவாளர் ஒனோரினின் உதவியாளன். நாற்பத்தைந்து வயது. முன்பு நீதிமன்ற நோட்டீஸ்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தவன். கதவைத் திறக்க விரும்பாதவர்களிடம் பேசிப் பேசியே வாய் நீண்டுவிட்டது.

"இறங்குங்க மதாம். இங்க பார்க்கிங் இலவசம்தான், ஆனா மணி பதினொன்னே கால்."

"இதோ வரேன்."

"இதையேதான் ஒன்பது நிமிஷத்துக்கு முன்னால போன்லயும் சொன்னீங்க. அழணும்னா அழுதுட்டு வாங்க, நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்."

"அழுகை வரல."

"அதான் பயமா இருக்கு."

சொலேன் கதவைத் திறந்தாள். சோஃபியா ஆந்திபோலிஸ் குன்றின் பைன் மரங்களுக்கு நடுவே மன்றத்தின் கட்டடம் வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை, அதாவது தரநிலைகளை, எழுதுவது அந்த மன்றத்தின் வேலை. அங்கே ஆறு வருடமாக ஒரு கணினி நிரலுக்குப் பொறுப்பாசிரியர் சொலேன்; யார் எழுதிக் கொடுக்கும் வரியும் அவள் வழியாகத்தான் அதில் சேரும். வகுப்பறையில் ஆசிரியர் சட்டையில் மாட்டும் மைக்கையும், காது சரியாகக் கேட்காத குழந்தையின் கருவியையும் ஒரே கடிகாரத்தில் ஓடவைக்கும் நிரல் அது. எல்லோருக்கும் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம்.

இன்று மாலை நான்கு மணிக்கு அதைத் தரநிலையிலிருந்து நீக்கப் போகிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆர்தாங்கூர் என்ற நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. ஆர்தாங்கூர் எதையும் தயாரிப்பதில்லை. காப்புரிமைகளை வாங்கும், பிறகு கடிதம் எழுதும். நொடித்துப்போன நிவாக்ளேர் என்ற கம்பெனியிடமிருந்து அது வாங்கிய காப்புரிமை ஒன்று சொலேனின் நிரலைத் தொடுகிறதாம். ஒவ்வொரு கருவிக்கும் நான்கு யூரோ வேண்டுமாம்.

திறந்து கிடக்கும் நிரலுக்கு நான்கு யூரோவை யாரிடம் வசூலிப்பது? எடுத்தவர்கள் யார் என்றே யாருக்கும் தெரியாது. கட்டணம் கேட்கும் காப்புரிமை தொட்டுக்கொண்டிருக்கும் நிரல் தரநிலையில் இருக்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி. நீக்கிவிட்டால், அதை நம்பிக் கருவி செய்யும் பதினொரு சின்னக் கம்பெனிகளும் கடையை மூட வேண்டியதுதான்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. இந்த நிரலுக்கு யார் ஒரு வரி கொடுத்திருந்தாலும், அவருடைய கம்பெனி தன் காப்புரிமைகளுக்கு இலவச உரிமம் கொடுத்ததாக ஆகிவிடும். பிற்பாடு அந்தக் காப்புரிமையை யார் வாங்கினாலும் அந்த வாக்கு அவரையும் கட்டும். ஆகவே நிவாக்ளேர் உயிரோடு இருந்த காலத்தில் அங்கிருந்து ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வரி கொடுத்திருந்தால் போதும்.

அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான் சொலேன் ஒனோரினை அமர்த்தியிருந்தாள்.

*

ஒனோரின் காஸ்தாஞ்யே கேன்டீனின் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தாள். காப்புரிமை அலுவலகத்தில் இருபது வருடம் விண்ணப்பங்களைப் படித்து, அதில் பாதியை நம்பாமல், கடைசியில் துப்பறிய வந்தவள். எதிரே காகிதக் கட்டு ஒன்று.

"உட்காருங்க. நீங்க அனுப்புன நாற்பது பேரோட திருத்தங்களையும் படிச்சாச்சு. நிவாக்ளேர் ஆள் ஒருத்தர்கூட இல்ல."

சொலேனின் முகம் சுருங்கியது. "அப்ப முடிஞ்சுதா?"

"நிரல்ல வரி கொடுத்தவங்க பேர் எத்தனை இருக்கு? மொத்தம்."

"நாற்பத்தொன்னு."

"எனக்கு வந்தது நாற்பது."

"மிச்சம் நான்தான். நான் எழுதுனதை நானே தேட வேண்டாமேன்னு..."

"திருடு போன வீட்டுல எல்லா அறையையும் காட்டிட்டு ஒரே ஒரு அறையை மட்டும் பூட்டியே வச்சிருந்தா, நான் முதல்ல எங்க மதாம் போவேன்?" ஒனோரின் காகிதக் கட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினாள். "நீங்க அனுப்பாட்டி என்ன, திறந்து கிடக்கற நிரல்தானே. உங்களோடதை நானே எடுத்துப் படிச்சேன். குளிர்ல கடிகாரம் மெதுவா ஓடும், அதைச் சரிக்கட்ட ஒரு அட்டவணை எழுதியிருக்கீங்க. முதல்ல அது பூஜ்யம் டிகிரியில நின்னுடுது. ஏன்?"

"வகுப்புக்குள்ள அதுக்குக் கீழ போகாது."

"சரி. நாலு வருஷத்துக்கு முன்னால, மார்ச்ல ஒரு செவ்வாய்க்கிழமை, உங்க பேர்ல ரெண்டு வரி சேருது. அட்டவணை மைனஸ் பதினஞ்சு வரைக்கும் நீளுது. நீங்க பொறந்தது பிரெஸ்த், குடியிருக்கறது ஆந்தீப். ரெண்டும் கடற்கரை. மைனஸ் பதினஞ்சை நீங்க ஃப்ரீசர்லதான் பார்த்திருப்பீங்க."

"ஃப்ரீசர் மைனஸ் பதினெட்டு மதாம்," என்றான் தித்துவான்.

"அப்ப அதுலயும் பார்க்கல." ஒனோரின் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடமே மூட்டை கட்டிக்கிட்டுப் பனிமலைக்குப் போற வாரத்தைப் பார்த்த ஆளுக்குத்தான் இது தோணும். பனிச்சறுக்குக் கத்துக்கொடுக்கற வாத்தியார் மைக் மாட்டியிருப்பார், சரிவுல பசங்க தொப்பிக்குள்ள கருவி இருக்கும். நிவாக்ளேர் எந்த ஊர்?"

சொலேன் உதட்டைக் கடித்தாள்.

"கிரெனோப்ல்," என்று அவளுக்காகத் தித்துவான் சொன்னான். "ஜன்னலைத் திறந்தாலே பனி."

"யார் அந்த ரெண்டு வரியைக் கொடுத்தது?" என்றாள் ஒனோரின்.

அடுத்த மேசையில் யாரோ காபிக் கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. சொலேன் தாளைப் பார்த்தபடி பேசினாள்.

"சோதனை வாரம். கீழ்த்தளத்துல எல்லாக் கம்பெனியும் கருவியைக் கொண்டாந்து ஒன்னோட ஒன்னு பேசுதான்னு பார்ப்போம். என் மேசையில எதிர்ப்பக்கம் கிரெனோப்ல் ஆள் ஒருத்தர். எல்லாரும் லுலுன்னு கூப்பிட்டாங்க. குளிர்ப்பெட்டி கொண்டாந்திருந்தார். கருவியை அதுக்குள்ள வச்சதும் என் நிரல் நின்னுடுச்சு. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு வரி சொன்னார். நான் அடிச்சேன். ஓடுச்சு."

"அவர் பேரைப் போடல."

"போடாதீங்கன்னு அவரே சொன்னார். கம்பெனி வக்கீல்கிட்ட சம்மதம் வாங்க மூணு வாரமாகும், நீங்களே போட்டுக்குங்கன்னார். சோதனை வாரத்துல எல்லாரும் செய்யறதுதான். கீபோர்டு யார் கையில இருக்கோ அவங்க பேர்ல போயிடும்."

"விதி என்ன சொல்லுது?"

"அடுத்தவர் வரியைத் தன் பேர்ல போட்டா பொறுப்பாசிரியர் பதவி போகும்." குரல் இறங்கியது. "போன வருஷம் இதே தப்புக்கு ஒருத்தரை நானே நீக்கியிருக்கேன். அழுதார். விதின்னா விதின்னு சொன்னேன்."

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றான் தித்துவான்.

"நிவாக்ளேர்லேருந்து வேற யாராவது எங்கேயாவது ஒரு வரி கொடுத்திருக்க மாட்டாங்களான்னு. ஒரு காற்புள்ளி திருத்தியிருந்தாக்கூடப் போதும்னு. மூணு வாரமா வேற எதையும் நினைக்கல."

ஒனோரின் எழுந்தாள். "சோதனை வாரத்துல மேசைக்கு மேசை தாள் எழுதுவாங்களே, அது எங்க இருக்கும்?"

*

ஆவண அறையின் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 12.00 – 14.00 மூடியிருக்கும்.

மணி பன்னிரண்டு ஒன்று.

"ஒரு நிமிஷம்தான் மதாம்!" தித்துவான் கதவைத் தட்டினான்.

"ஒரு நிமிஷம்னாலும் சாப்பாடு சாப்பாடுதான்," என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். தித்துவான் வாசலில் நின்ற வண்டியிலிருந்து சூரை மீனும் முட்டையும் திணித்த ரொட்டி மூன்று வாங்கிவந்தான். சொலேன் தன்னுடையதைப் பிரிக்கவே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் போன் அதிர்ந்தது. ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு ஒனோரினிடம் நீட்டினாள். போர்ட்டோவில் கருவி செய்யும் இரண்டு பேர் அனுப்பியிருந்தார்கள். 'ஆர்டரை நிறுத்திவைக்கவா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.'

"என்ன பதில் போட்டீங்க?"

"போடல. என்னன்னு போடறது?"

"அந்த லுலு கிடைச்சா ஆமான்னு சொல்வாரா?" என்று தித்துவான் கேட்டான்.

"சொல்வார்." சொலேன் முதல் முறையாக நிமிர்ந்தாள். "நல்ல மனுஷன். பாஸ் ஆனதும் தன்னோட பாலாடைக்கட்டியை வெட்டி மேசை மேசையாக் கொடுத்தார். அவர் வந்து உண்மையைச் சொன்னா எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல."

"பாலாடைக்கட்டி கொடுத்தவனையெல்லாம் நம்பி நான் ரெண்டு கல்யாணம் பண்ணிக்கிட்டேன்," என்றாள் ஒனோரின்.

சரியாக இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. ஆவணக் காப்பாளர் மதாம் போஜி கோர்சிகாத் தீவுக்காரர். குள்ளமாக, அவசரமே இல்லாமல் இருந்தார்.

"சோதனை வாரத் தாளா? உறை அஞ்சு வருஷம் மூடியே இருக்கும். கம்பெனிக்காரங்க தோத்தது வெளியே தெரியக் கூடாதில்ல."

"நாலு வருஷம் ஆயிடுச்சு. கொஞ்சம் ரவுண்டு பண்ணிக்குங்களேன்," என்றான் தித்துவான்.

மதாம் போஜி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவர் எப்பவுமே இப்படித்தானா?"

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி," என்றாள் ஒனோரின். "முன்னாலயே திறக்க வழி இருக்கா?"

"அந்த மேசையில உட்கார்ந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் எழுதிக் கேட்கணும். காரணமும் எழுதணும். அந்தக் காரணமும் தாளோட நகலும் ஒரே நேரத்துல எல்லா உறுப்பினருக்கும் மெயில்ல போகும். அப்புறம், தெரியாம கேட்டுட்டேன்னு என்கிட்ட வரக் கூடாது."

படிவம் ஒன்று மேசைமேல் வந்தது. சொலேன் அதைத் தொடவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஒனோரினைப் பார்த்தாள்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்கறது என் வேலை. கையெழுத்து உங்களோடது."

"தாள்ல அவர் பேர் இல்லன்னா? நான் பாட்டுக்கு எழுதிக் கொடுத்துட்டு, நிரலும் போயி நானும் போயி..."

"அதுவும் நடக்கலாம்."

சொலேன் இருமுறை பேனாவை எடுத்து வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. மூன்றாவது முறை எடுத்தபோது காரணம் என்ற கட்டத்தில் ஒரே வாக்கியம் எழுதினாள். 'நிரலில் என் பெயரில் உள்ள இரண்டு வரிகள் என்னுடையவை அல்ல.'

கையெழுத்திட்டாள். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று.

*

மதாம் போஜிக்கு உறையைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. மூன்று முப்பத்தைந்துக்கு உறை கிழிந்தது.

ஒரே தாள். அச்சடித்த கட்டங்கள். எல்லாம் பேனாவால் நிரப்பப்பட்டிருந்தன.

'முதல் சோதனை: தோல்வி. காரணம்: குளிர், மைனஸ் பதினைந்து. திருத்தம்: இரண்டு வரி. திருத்தம் கொடுத்தவர்: நிவாக்ளேர். மறு சோதனை: வெற்றி.'

அடியில் சின்ன எழுத்தில் மன்றத்தின் வாசகம். மேசையில் கொடுக்கப்படும் திருத்தம் திறந்த நிரலில் சேர்ந்தால், கொடுத்தவரின் கம்பெனி தன் காப்புரிமைகளுக்கு இலவச உரிமம் அளிக்கிறது. அதன் கீழே, நிவாக்ளேர் சார்பில் என்ற இடத்தில், முழுப் பெயரும் கையெழுத்தும்.

லுதோவிக் ஷார்வே.

"இருக்கு," என்றாள் சொலேன். கண்ணில் நீர் முட்டியது. "இருக்கு. இப்ப இவரை எப்படியாவது பிடிச்சு நாலு மணிக்குள்ள..."

"தேடவே வேண்டாம் மதாம்." தித்துவான் கூட்ட நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்திருந்தான். குரலில் கேலி இல்லை. "ஆறாவது அயிட்டம். ஆர்தாங்கூர் நிறுவனத்தின் கோரிக்கை. பேசுபவர், லுதோவிக் ஷார்வே."

சொலேனுக்கு உடனே புரியவில்லை. தாளைப் பார்த்தாள், நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"கடிதமெல்லாம் வக்கீல் பேர்லதானே வந்துச்சு," என்றாள் கடைசியில்.

"கம்பெனி மூழ்கினதும் காப்புரிமை ஏலத்துக்குப் போச்சு. அதை வாங்கின ஆர்தாங்கூருக்கே அவரும் போயிட்டார்," என்றாள் ஒனோரின். "உலகத்துல எத்தனையோ நிரல் இந்தக் காப்புரிமையைத் தொடுது. உங்களோடதை மட்டும் ஏன் முதல்ல பிடிச்சாங்கன்னு மூணு நாளா யோசிச்சேன். இந்த உறையை வெளியாள் யாரும் கேட்க முடியாது. கேட்கக்கூடியவங்க ரெண்டே பேர். ஒருத்தர் அவரே. இன்னொருத்தர் கேட்டா பதவி போகும். நீங்க வாயைத் திறக்க மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும்."

மதாம் போஜி மின்னஞ்சலை அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"போயிடுச்சு," என்றார்.

*

நான்கு மணி. நீள்வட்ட மேசையைச் சுற்றி அறுபது பேர். உறுப்பினர் அல்லாத ஒனோரினும் தித்துவானும் சுவரோர நாற்காலிகளில். அவர்கள் பேச அனுமதி இல்லை. எதிரே சாம்பல் நிற சூட்டில் ஷார்வே. தாடியில் கொஞ்சம் நரை. சொலேனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான், பழைய சக ஊழியரைப் பார்ப்பதுபோல.

தலைவர் கிர்ஸ்டன், டென்மார்க்காரர், ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் படிக்கும் அறிவிப்பைப் படித்தார். "இந்தப் பணியைத் தொடும் காப்புரிமையோ உரிமமோ உங்களில் யாருக்கேனும் தெரிந்தால், இப்போது சொல்லுங்கள்."

பதினொரு வருடமாக அந்தக் கேள்விக்கு யாரும் கை தூக்கியதில்லை. அவர் படிக்கும் அரை நிமிடத்தில் எல்லோரும் குனிந்து மின்னஞ்சல் பார்ப்பார்கள். இன்றும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் யாரும் அடுத்த மின்னஞ்சலுக்குப் போகவில்லை.

சொலேன் கை தூக்கினாள்.

"எனக்குத் தெரியும். இதுக்கு இலவச உரிமம் நாலு வருஷத்துக்கு முன்னாலயே கொடுத்தாச்சு. கொடுத்தவர் எதிர்ல உட்கார்ந்திருக்கார்."

ஷார்வே அப்போதுதான் தன் மடிக்கணினியைத் திறந்தான். படித்தான். முகம் இறுகியது.

"நான் கொடுக்கல," என்றான் உரக்க. "என் திரையைப் பார்த்து இவங்க எடுத்துக்கிட்டாங்க. தன் பேர்ல போட்டுக்கிட்டாங்க. அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்களே, தன்னோடது இல்லன்னு. இது திருட்டு. திருடினதுக்கு எப்படி லைசென்ஸ் வரும்?"

அறையில் முணுமுணுப்பு எழுந்தது. தித்துவான் ஒனோரினின் காதருகே குனிந்தான். "மதாம், நம்ம தாளே நம்மளைக் கடிக்குது."

"பேசாம இரு."

தலைவர் கையை உயர்த்தினார். "அவர் சொல்றது விதிப்படி சரி. எடுத்ததுன்னா லைசென்ஸ் இல்ல, நிரல் வெளியே போகும். கொடுத்ததுன்னா உண்டு. மதாம் கெர்வாதெக், கொடுத்தார்னு உங்ககிட்ட என்ன இருக்கு?"

"தாளோட நாலாவது கட்டம்," என்றாள் சொலேன். "கொடுத்தவர்னு கேட்குது. அதுல இருக்கற எழுத்து என்னோடது இல்ல."

அறுபது தலைகள் மறுபடியும் திரைக்குக் குனிந்தன. தாளில் இரண்டு பேருடைய எழுத்து இருந்தது. ஒன்று சாய்ந்தது, இன்னொன்று நிமிர்ந்தது. நான்காவது கட்டத்தின் எழுத்தும் அடியிலிருந்த ஷார்வேயின் பெயரும் ஒரே சாய்வு.

"முசியே ஷார்வே, இது உங்க கையெழுத்துதானா?" என்றார் தலைவர்.

ஷார்வே மடிக்கணினியை மூடினான்.

"அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கலாமே. ஏன் நிரப்பினீங்க?"

"விட்டா தாள் நிறையாது. நிறையலன்னா பாஸ் கொடுக்க மாட்டீங்க." ஷார்வே மேசையைப் பார்த்தபடி சொன்னான். "அந்த வாரம் எங்களுக்கு ஒரு பாஸாவது தேவைப்பட்டுச்சு. முதலீட்டாளர்கிட்ட காட்டறதுக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. பக்கத்திலிருந்த வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"ரெண்டே ரெண்டு வரி!" ஷார்வேயின் குரல் உடைந்தது. "ரெண்டு வரிக்கு முழு பேட்டன்ட்டுமா?"

"விதி வரியை எண்ணறதில்ல," என்றார் தலைவர். "ஆறாவது அயிட்டம் தள்ளுபடி. நிரல் தரநிலையிலேயே இருக்கும்."

யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஷார்வே எழுந்து பையை எடுத்தான். கதவருகே நின்று தலைவரிடம் திரும்பினான்.

"விதி எல்லாருக்கும்தானே மதாம்? என் வரியை நாலு வருஷம் தன் பேர்ல வச்சிருந்தாங்களே, அதுக்கு என்ன விதி?"

போய்விட்டான். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

தலைவர் சொலேனைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தாள்களை அடுக்கினார், அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினார்.

மூலையில் கூட்டக் குறிப்பெழுதும் பெண் தயக்கத்தோடு கை தூக்கினாள். "மன்னிக்கணும். மதாம் கெர்வாதெக் பேசுனதை எந்தப் பதவியில பேசுனதாப் போடட்டும்?"

தலைவர் வாயைத் திறப்பதற்குள் சொலேன் சொன்னாள்.

"முன்னாள் பொறுப்பாசிரியர்னு போடுங்க."

அந்தப் பெண் தலைவரைப் பார்த்தாள். தலைவர் மறுக்கவில்லை. விசைகளின் சத்தம் கேட்டது.